பொன்னாடைக்குள் இருந்து ஒரு குரல்

தமிழ்நாட்டில் "படம் எடுக்கக் கூடாது" என்று ஒரு பலகை வைத்துப் பாருங்கள். முதலில் அந்தப் பலகையைத்தான் படம் எடுப்பார்கள். நானும் எடுத்தேன். எடுத்ததோடு விடாமல், "இன்னா அநியாயம் பாருங்க" என்று எழுதி அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் வேறு போட்டேன்.

பலகையை வைத்தவர் கீதா டீச்சர். ராயபுரத்தில் தன் வீட்டு மாடியிலேயே பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறவர். அவர் மேல் தப்பே இல்லை என்று இன்றைக்குச் சொல்கிறேன், அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு விழாவில் பெற்றோர் அடித்த கூத்து அப்படி. பிள்ளைகள் மேடையில் ஆட, இவர்கள் கீழே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் ஏறினார்கள். ஓர் அப்பா பிளாஸ்டிக் நாற்காலி மேல் நின்றார், நாற்காலி நிற்கவில்லை. ஓர் அம்மா மேடை ஓரத்துக்கே போய், "பாப்பா, அம்மாவப் பாரு, சிரி!" என்று கத்த, கண்ணனைக் காணோம் என்று யசோதையாக அழுதுகொண்டிருந்த அந்தக் குழந்தை ஈ என்று பல்லைக் காட்டியது. (அது நான் இல்லை. என் மகள் அந்த வருடம் ஆடவில்லை. ஆடியிருந்தால் சத்தியமாக நானாகத்தான் இருந்திருப்பேன்.)

ஆகவே புதுச் சட்டம் வந்தது. மண்டபத்து வாசலிலேயே போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். டீச்சரே ஒரு போட்டோகிராபரை ஏற்பாடு செய்து, எல்லாப் பிள்ளைகளையும் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிடுவார். நியாயமான ஏற்பாடுதான். எனக்குத்தான் அது ஒத்துவரவில்லை.

ஏனென்றால் என் வீட்டுக்காரர் தயாளன் கப்பலில் இருந்தார். சரக்குக் கப்பல், இன்ஜின் ரூமில் வேலை. எங்கள் மகள் மதி நாட்டியத்தில் சேர்ந்ததே அவர் கப்பல் ஏறிய பிறகுதான். அவள் ஆடி அவர் பார்த்ததெல்லாம் எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜுக்கும் கட்டிலுக்கும் நடுவே இருக்கும் சந்தில், நான் எடுத்து அனுப்பிய துண்டு வீடியோக்கள்தான். அதிலும் பாதியில் ஃப்ரிட்ஜ்தான் நன்றாகத் தெரியும். விழா அன்றைக்கு மாலை கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், அவருக்கு டியூட்டி கிடையாது, வீடியோ காலில் வர முடியும் என்று தெரிந்ததும் வீட்டில் ஒரே கொண்டாட்டம். ஏழு வயது மதி தன் முடிவைச் சொல்லிவிட்டாள்.

"அப்பா பாக்கலன்னா நான் ஆட மாட்டேன்."

டீச்சரிடம் போய்க் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"உங்க வீட்டுக்காரர் கப்பல்ல இருக்கார். இன்னொருத்தர் வீட்டுக்காரர் துபாய்ல. உங்களுக்கு விட்டா எல்லாருக்கும் சிங்கப்பூர்ல ஒரு தம்பி முளைப்பான். முடியாதும்மா," என்றார் டீச்சர். பிறகு என் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமலோ என்னவோ, "சீஃப் கெஸ்டுக்குப் பொன்னாடை மட்டும் நீங்க வாங்கிட்டு வந்துடுங்க, கலா. ஜவுளிக்கடையில இருக்கறவங்களுக்குத்தான் நல்லதா பாக்கத் தெரியும்," என்றார்.

நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை துணியைப் பிரிப்பதும் மடிப்பதும்தான் பிழைப்பு. துணி மடிப்புக்குள் எதை வைத்தாலும் வெளியே தெரியாமல் மடிக்க என்னால் முடியும். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

நல்ல அகல ஜரிகை போட்ட பொன்னாடையாகப் பார்த்து எடுத்தேன். அதை நீளவாக்கில் மடித்து, ஒரு முனையில் பை போல ஓர் அறை செய்து, போன் நழுவிவிடாமல் இருக்க உள்பக்கமாகப் பின்னூசி குத்தினேன். மண்டபத்துக்கு வெளியே நின்று அவரைக் கூப்பிட்டேன். "மாமா, கட் பண்ணாத. உள்ள போய் வெளிய எடுக்கறேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காத," என்று சொல்லி, போனை சைலன்ட்டில் போட்டு அறைக்குள் வைத்து மூடினேன். சைலன்ட்டில் போட்டால் மணிதான் அடிக்காது, மனுஷன் அடங்க மாட்டான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வாசலில் டீச்சரின் கணவர் பெரிய பிளாஸ்டிக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். என்னிடம் போனே இல்லை என்றால் யார் நம்புவார்கள்? அதற்காக, செத்துப்போன ஒரு பழைய பட்டன் போனை அலமாரியிலிருந்து தேடி எடுத்து வந்திருந்தேன். அதைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டேன். இவ்வளவு மூளையைப் படிக்கிற காலத்தில் செலவழித்திருந்தால் நான் இப்போது கலெக்டர்.

திட்டம் சுலபமானது. பொன்னாடை போர்த்துவது விழாவின் கடைசியில். அதுவரை அது என் மடியில் இருக்கும். விளக்கை அணைத்ததும் மடிப்பை விலக்கி, கேமராவை மட்டும் வெளியே எட்டிப்பார்க்க வைத்தால் ஆயிற்று. உள்ளே உட்கார்ந்ததும், மேடை ஓரத்துத் திரையை விலக்கி மதி என்னைப் பார்த்தாள். மஞ்சள் உடையும் தலையில் பூவுமாக இருந்தாள். "அப்பா?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். நான் பொன்னாடையைத் தட்டிக் காட்டினேன்.

அப்போதுதான் சீஃப் கெஸ்ட் வந்தார். ஏகாம்பரம் அண்ணன், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். அவ்வளவு இரைச்சலிலும் அவர் குரல் கடைசிப் படகு வரை கேட்கும். அவர் ரகசியம் பேசினால் பக்கத்துத் தெருவில் பதில் சொல்வார்கள். மண்டபத்தை விழாவுக்கு எடுத்துக் கொடுத்தவரே அவர்தான்.

"டீச்சர், ஒரு கல்யாணத்துக்குப் போவணும். சீக்கிரம் வுட்டுடுங்க," என்றார்.

"அப்ப மரியாதையை முதல்லயே செஞ்சிடலாம்," என்றார் டீச்சர். நேராக என்னிடம் வந்தார். "கலா, பொன்னாடை."

என் கை கொடுக்கவில்லை. அவர் இழுத்தார், நான் பிடித்தேன். ஒரு மடிப்பு எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று உளறினேன். "நல்லாத்தானே மடிச்சிருக்கீங்க," என்று வெடுக்கென வாங்கிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டார். நான் மடித்த மடிப்பு கலையாமல் அப்படியே அண்ணனின் கழுத்தில் விழுந்தது. போன் இருந்த முனை அவருடைய நெஞ்சில் தொங்கியது. அதற்கு நேர் எதிரே மைக்.

அண்ணன் பொன்னாடையைத் தூக்கிப் பார்த்தார். "இன்னா டீச்சர், இம்மாங் கனமா கீது?"

கைதட்டல் ஓய்ந்தது. டீச்சர் வரவேற்புரைக்காகத் தொண்டையைச் செருமினார். அந்த அமைதியில், அண்ணனின் நெஞ்சிலிருந்து, ஸ்பீக்கர் அத்தனையிலும் என் வீட்டுக்காரரின் குரல் வந்தது.

"கலா! ஏ கலா! இன்னா ஒரே இருட்டா கீது? கரெண்ட் பூட்ச்சா?"

அண்ணன் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். பிறகு அதனிடமே கேட்டார். "யார்ப்பா நீ? எங்கர்ந்து பேசற?"

"நான் கப்பல்லர்ந்து பேசறேன். நீ யாருய்யா? என் பொண்டாட்டி போன் உன்னாண்ட எப்டி வந்துச்சு?"

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. "அடப்பாவி, நான் சீஃப் கெஸ்டுப்பா!" என்று அண்ணன் கத்தினார். நான் முன்னால் இருந்த நாற்காலிக்கு அடியில் போய்விட முடியுமா என்று பார்த்தேன். முடியாது, என் உடம்புவாகு அப்படி. சரி, யார் வீட்டுக்காரர் என்று யாருக்குத் தெரியப்போகிறது, அசையாமல் உட்கார்ந்திருப்போம் என்று முடிவு செய்தபோது, திரைக்குப் பின்னாலிருந்து சலங்கை குலுங்க மதி ஓடிவந்தாள்.

"அது எங்கப்பா! அம்மாதான் உள்ள வச்சாங்க!"

டீச்சர் மைக்கில், அமைதியாக, "கலாவதி, மேடைக்கு வாங்க," என்றார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கக்கூட நான் மேடை ஏறியதில்லை. ஏறினேன். பின்னூசியைக் கழற்றப் போனேன், அது ஜரிகையில் சிக்கிக்கொண்டது. ராயபுரமே பார்க்க, நான் சீஃப் கெஸ்ட்டின் நெஞ்சில் முகத்தைப் புதைத்து ஊசியோடு போராடினேன். உள்ளேயிருந்து, "இன்னா நடக்குது அங்க? யாரு மூச்சு வாங்கறது?" என்று என் வீட்டுக்காரர் வேறு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஜரிகையைக் கிழித்துத்தான் எடுக்க முடிந்தது.

"ஆஃப் பண்ணுங்க," என்றார் டீச்சர்.

மதியின் கீழுதடு துடிக்க ஆரம்பித்தது. இதுவரை நான் சொன்னதெல்லாம் சிரிப்பு. அந்த உதட்டைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மை கரைந்து கன்னத்தில் இறங்கியது. "அப்பா பாக்கறேன்னு சொன்னாரு," என்றாள். அத்தனை நேரம் போனுக்குள் கத்திய மனுஷன் அப்போதுதான் வாயை மூடினார்.

ஏகாம்பரம் அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். "டீச்சர், பெத்தவங்கதான போன் எடுக்கக் கூடாது? நான் பெத்தவன் இல்லியே. சீஃப் கெஸ்டு."

டீச்சர் யோசித்தார். மதியைப் பார்த்தார். "ஒரே ஒரு ஆட்டம். உட்கார்ந்த இடத்துல இருந்து. சத்தம் வரக் கூடாது," என்றார். என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். ஏலக்காரரிடம் சத்தம் வரக் கூடாது என்று சொன்னதை நினைத்தால் டீச்சர் மேல் எனக்கு இப்போதும் பரிதாபம் வரும்.

ஆட்டம் தொடங்கியது. முன் வரிசையில் அண்ணன் போனை நீட்டிப் பிடித்தார். அப்புறம் தன் ரகசியக் குரலில் ஆரம்பித்தார்.

"ஆங்… வந்துட்டா உன் பொண்ணு. நடுவுல நின்னுகினு கீது. மஞ்சா டிரஸ்ஸு. கால தட்டுது பாரு… தட்டுது… பலகை ஒடியப்போவுது நைனா! இப்ப சுத்துது… ஒரு தரம்… ரெண்டு தரம்… மூணு தரம்! அள்ளிட்டா!"

மண்டபமே கைதட்டியது. டீச்சர் தாளம் தட்டிக்கொண்டே முறைத்தார், ஆனால் தாளத்தை நிறுத்தவில்லை. நடுவில் மதி சட்டென்று நின்றுவிட்டாள். அடுத்த அடி மறந்துவிட்டது.

"மறந்துட்ச்சி," என்றது அண்ணனின் குரல். "பக்கத்துப் பொண்ணப் பாக்குது… பயப்படாத கண்ணு, உங்கப்பன் இங்கதான் கீறான்… பாக்குது… ஆங், புட்ச்சிட்டா! புட்ச்சிட்டாப்பா!"

போனுக்குள்ளிருந்து ஒரு கூட்டமே ஆரவாரம் செய்தது. கப்பலில் அவரோடு இருந்த பிலிப்பைன்ஸ்காரர்களாம். ஒரு சொல் புரியாமலே அவர்களும் கைதட்டியிருக்கிறார்கள். மதி அதைக் கேட்டுச் சிரித்தாள். ஆட்டம் முடிந்தது. கல்யாணத்துக்குப் போக வேண்டிய அண்ணன், "கல்யாணம் கெடக்குது," என்று கடைசிவரை இருந்து, கிழிந்த பொன்னாடையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "பாத்தியா மாமா? நல்லா ஆடினாளா?"

"நல்லாத்தான் ஆடுச்சு. மீசை."

"இன்னாது?"

"அந்த அண்ணன் போன தன் மூஞ்சிக்கு நேராவே புட்ச்சிகினு இருந்தாரு கலா. ஆரம்பத்துலர்ந்து முடியற வரைக்கும் மீசையும் மூக்கும்தான். திருப்புங்கண்ணேன்னு கத்தினேன். 'சத்தம் போடாத, டீச்சர் திட்டுவாங்க'ன்னுட்டாரு."

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இத்தனை அவமானமும் ஒரு மீசைக்காகவா!

"ஆனா அவ மறந்துட்டு நின்னப்ப, அந்த அண்ணன் கண்ணு கலங்கிப்போச்சு," என்றார் அவர். "அதப் பாத்து நானும் அழுதுட்டேன். பாப்பாகிட்ட மீசையப் பத்திச் சொல்லாத. பாத்தேன்னு சொல்லு."

சொன்னேன். ஆனால் எங்கள் வீட்டில் எந்த ரகசியம் தங்கியிருக்கிறது? ஒரே வாரத்தில் மதிக்கும் தெரிந்துவிட்டது. அதிலிருந்து யார் அவளிடம் எப்படி ஆடினாய் என்று கேட்டாலும், "மீசையக் கேளுங்க" என்பாள்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு அவர் லீவில் வந்திருந்தார். வாசலில் நல்ல பிள்ளைகளாக இரண்டு போனையும் கூடையில் போட்டோம். (டீச்சரின் கணவர் என் போனை மட்டும் அமுக்கிப் பார்த்து, உயிர் இருக்கிறதா என்று சோதித்தார்.) நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். திரை விலகியது. மதி நடுவில் நின்றாள். கடலும் கப்பலும் குறுக்கே இல்லாமல், தன் இரண்டு கண்ணால் அவர் மகளின் ஆட்டத்தைப் பார்க்கப்போகிறார் என்று நான் மேடையை விட்டு அவர் முகத்தையே பார்த்தேன்.

கொஞ்ச நேரம் போனதும் அவர் நெளிய ஆரம்பித்தார். கழுத்தை நீட்டி முன் வரிசையில் யாரையோ தேடினார்.

"இன்னா மாமா? தெரியலியா?"

"எல்லாம் தெரியுது கலா. ஒண்ணும் வெளங்கல. அந்த அண்ணன் எங்க உக்காந்துகீறாரு?"

நான் காட்டினேன். அவர் குனிந்தபடியே எழுந்து போய், ஏகாம்பரம் அண்ணனின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "வந்துட்டியா நைனா? பாரு, இப்ப கைய தூக்குது…" என்ற ரகசியம் மண்டபம் முழுக்கக் கேட்டது. அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டார். அதை மேடையிலிருந்தே பார்த்துவிட்ட மதி, இன்றுவரை அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.