ஈரப் புல்லுக்கு ஏற்ற விமானம்

விமானம் ஓட்டுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மேலே போவார்கள், கீழே வருவார்கள், தேநீர் குடிப்பார்கள். நான் சொல்ல வந்தது இன்னோர் இனம்: விமானம் தேர்ந்தெடுக்கிறவர்கள். இங்கிலாந்தில் எங்கள் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், ஆட்டுக்கு விட்டதுபோக மீதி இருக்கும் மேய்ச்சல் நிலத்தில் நீளவாக்கில் புல்லை வெட்டிவிட்டு அதற்கு ஓடுபாதை என்று பெயர் வைத்த பண்ணைகள் நிறைய. அப்படி எந்தப் பண்ணைக்கு நீங்கள் போனாலும், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கிற ஒருவரைக் காணலாம். அவர்தான்.

அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். விமானம் ஓட்டும் உரிமம் வைத்திருப்பார், விமானம் வைத்திருக்கமாட்டார். யாராவது புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, பெண்ணைப் பெற்றவர் கல்யாண வாசலில் நிற்பதுபோல் அதன் பக்கத்தில் நின்றால், இவர் வாழ்த்துச் சொல்லமாட்டார். குனிந்து சக்கரத்தைப் பார்ப்பார்.

"மூக்குல சக்கரமா?" என்பார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. கோடையில நல்லாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான். வாங்கியவருக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்காது.

எங்கள் ஊரில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஜெரால்ட் ட்ரான்டர். காப்பீட்டு நிறுவனத்தில் சேதம் மதிப்பிடுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் சேதம் நடந்தபிறகு பார்ப்பதை இவர் முன்கூட்டியே பார்ப்பார். பக்கத்துப் பண்ணைக்காரர் வில்ஃப் பிரீஸ், ஜெரால்டுக்காக ஆறு வருஷமாக ஒரு துண்டு நிலத்தில் புல்லை வெட்டி, காற்றின் திசை பார்க்கத் தன் பழைய பைஜாமாவின் ஒரு காலைக் கம்பத்தில் கட்டி, வைக்கோல் கொட்டகையில் விமானம் நிறுத்தப் பாதி இடமும் ஒதுக்கி வைத்திருந்தார். விமானம் மட்டும்தான் பாக்கி.

ஏன் பாக்கி? மூக்குச் சக்கரம் வைத்தது ஈரமண்ணில் மண்வெட்டிபோல் இறங்கும் என்பதால் வேண்டாம். வால்சக்கரம் வைத்தது பக்கக் காற்றில் பம்பரமாய்ச் சுற்றும் என்பதால் யோசிக்க வேண்டும். இறக்கை தாழ்ந்திருந்தால் வேலிக்கம்பத்தில் இடிக்கும், உயர்ந்திருந்தால் பெட்ரோல் ஊற்ற ஏணி தேட வேண்டும். சின்ன டயர் புதையும், பெரிய டயர் வேகத்தைத் தின்னும். சக்கரத்துக்கு உறை போட்டால் உள்ளே சேறு அடைக்கும், போடாவிட்டால் அதே சேறு இறக்கைக்கு அடியில் போய் அப்பும். உலோக உடம்பு கனம், துணி போர்த்திய உடம்பை மாடு நக்கும். மாடு நக்குமா? நக்கும். அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. இந்த இனத்தோடு குடித்தனம் நடத்துவதில் உள்ள கஷ்டமே அதுதான்.

குடித்தனம் நடத்தியவர் மொரீன். தெற்கே, கடலுக்குள் இருக்கும் வைட் தீவில் மொரீனின் தங்கை வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு புல்தரை இருக்கிறது. காரில் போனால் ஒரு நாள் முழுக்கப் பாழ், கடைசியில் கப்பலும் ஏற வேண்டும். உரிமம் கைக்கு வந்த அன்று ஜெரால்ட், "இனிமே காலையில கிளம்பினா மத்தியானச் சாப்பாடு உன் தங்கச்சி வீட்டுலதான்" என்று சொல்லியிருந்தார். தங்கை இன்னும் சமைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஞாயிறுதோறும் ஜெரால்ட் தன் காரை அந்தப் புல்லில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வேகமாக ஓட்டிப் பார்ப்பார். காரில் உட்கார்ந்திருக்கிறவரின் தலை கூரையில் இடிக்காவிட்டால் விமானத்துக்கும் அந்தத் தரை ஆகும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. தலை ஒருநாளும் இடிக்கவில்லை. ஆனாலும் மறு ஞாயிறு ஓட்டிப் பார்ப்பார். கடைசியில் அந்த ஓடுபாதையில் இருந்த பள்ளமெல்லாம் அவருடைய காரால் விழுந்த பள்ளம்.

இந்தக் கோடையில் வில்ஃபுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஜெரால்ட், வெளிப்படையாச் சொல்லிடறேன். அறுப்பு முடியட்டும்னு பாப்பேன். அதுக்குள்ள இங்க ஒண்ணு வந்து நிக்கலேன்னா, உழுது பார்லி போட்டுருவேன்."

"அவசரப்பட்டு வாங்கற பொருளாப்பா இது?"

"அவசரமா! கொட்டகையில உனக்குன்னு விட்ட இடத்துல கோழி குடும்பம் பண்ணி, பேத்தி எடுத்துருச்சுய்யா!"

கேலி வேண்டாம், அந்தப் புல்தரை ஜெரால்டுக்கு உயிர். அதன் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எங்கே முயல் வளை தோண்டியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அது பார்லி வயலாகிவிடும் என்று கேட்டவர் வீட்டுக்கு வந்து சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். அவர் முகத்தைப் பார்த்த மொரீன் போனை எடுத்து ஹெஸ்டர் கஃப்பைக் கூப்பிட்டார். ஹெஸ்டர் மாட்டு டாக்டர். விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. பேரப்பிள்ளைகள் வந்துவிட்டதால் தன் இரண்டு சீட்டு விமானத்தை விற்றுவிட்டுப் பெரிதாக ஒன்று பார்க்கிறார் என்று கேள்வி.

மூன்று நாள் அடைமழை விட்ட மறுநாள் ஹெஸ்டர் வந்தார். வேலிக்கு மேலே மெதுவாக மிதந்து வந்து, பருத்த டயர் இரண்டும் ஈரப் புல்லில் பட, அந்த மஞ்சள் விமானம் பாதித் தூரம்கூட ஓடாமல் நின்றது. ஆடுகள் தலை தூக்கவில்லை.

ஜெரால்ட் வேலையைத் தொடங்கினார். சக்கரத் தடத்தில் விரலை விட்டுப் பார்த்தார், நகம் மறையவில்லை. இறக்கைக்கு அடியில் படுத்துப் பார்த்தார்; சேறு இரண்டே பொட்டு. வாலைத் தூக்கினார், டயரைக் கிள்ளினார், துணியை முகர்ந்தார். ஹெஸ்டர் பிஸ்கட் தின்றார். வில்ஃப் வேலியில் சாய்ந்தார். மொரீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜெரால்ட் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"விமானத்துல ஒரு குறையும் இல்ல" என்றார்.

"அப்பாடா!" என்றார் வில்ஃப்.

"ஆனா, இவ்வளவு நல்ல விமானத்துக்கு இந்தப் புல் தாங்குமான்னு பாக்கணும். வேற எங்கயாவது நிலம் கிடைக்குதான்னு..."

வில்ஃப் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுவதுபோல் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

மொரீன்தான் பேசினார். "ஹெஸ்டர், விலை நீங்க போன்ல சொன்னதுதானே?"

"அதேதான்."

"எனக்கு மூக்கும் தெரியாது, வாலும் தெரியாது. ஆறு வருஷமா இவர் எதெல்லாம் வேண்டாம்னாரோ, அதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதுல ஒண்ணைக்கூட இதுல இவரால காட்ட முடியல. எங்க அத்தை வீட்டை வித்த பணம் சும்மாதான் கிடக்குது. எனக்கு ஓட்டச் சொல்லிக்குடுப்பீங்களா?"

"இன்னைக்கே ஆரம்பிக்கலாம்."

இருவரும் கைகுலுக்கினார்கள். கோழியை விரட்ட வில்ஃப் கொட்டகைப் பக்கம் ஓடினார், அந்த வயதில்.

ஜெரால்டுக்கு வந்தது கோபமில்லை, சந்தோஷம்தான். புல்தரை பிழைத்தது. கண்கூடக் கலங்கியது. ஹெஸ்டர் அவரைப் பார்த்து, "முதல்ல நீங்க வாங்க ஜெரால்ட், உங்க ஓடுபாதை. ஒரு சீட்டு முன்னால, ஒரு சீட்டு பின்னால. எங்க இருந்தும் ஓட்டலாம். எது வேணும்?" என்றார்.

கேட்டிருக்கக் கூடாது.

"பின்னால கனம் இருந்தா வால் அமுங்கும், ஈரத்துல அது நல்லது" என்றார் ஜெரால்ட். "ஆனா முன்னால இருந்தாத்தான் தரை எப்படின்னு தெரியும். அப்படியும் சொல்ல முடியாது..."

"மேகம் வருது, ஜெரால்ட்" என்றார் ஹெஸ்டர்.

"ஒரு நிமிஷம்."

"எங்க உக்காந்தா என்ன!" என்று மொரீன் காலைத் தூக்கி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ஹெஸ்டர் பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினார். மஞ்சள் விமானம் குலுங்கி ஓடி, ஜெரால்டின் கார்ப் பள்ளங்களைத் தாண்டி, புல்லை விட்டு எழுந்தது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தெற்கே திரும்பியது.

கோழி இறகு ஒட்டிய கோட்டோடு வில்ஃப் திரும்பி வந்து பக்கத்தில் நின்றார். இருவரும் சத்தம் தேய்கிறவரை அண்ணாந்து பார்த்தார்கள்.

"பின்சீட்டு" என்றார் ஜெரால்ட் கடைசியில். "பின்சீட்டுதான் சரி, வில்ஃப். இப்பத் தெளிவாயிடுச்சு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களுக்கென்ன, நீங்கள் விமானமா வாங்கப்போகிறீர்கள்? ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தப் புத்தகத்தைக் கடை அலமாரியிலிருந்து எடுத்து எவ்வளவு நேரமாகிறது? அட்டையைத் தடவிப் பார்த்தாயிற்று, பின்பக்கம் விலை பார்த்தாயிற்று, தாள் ஒட்டியிருக்கிறதா என்று விரித்துப் பார்த்தாயிற்று, நின்றபடியே இந்தக் கட்டுரையைக் கடைசி வரிவரை படித்தும் முடித்தாயிற்று. உங்களுக்குப் பின்னால் ஓர் அம்மா, கையில் காசோடு, நீங்கள் எப்போது கீழே வைப்பீர்கள் என்று காத்துக்கொண்டிருக்கிறார்.