கெவினின் செத்த வீட்டில் நான் அழுத கதை

எங்கள் ஊர்க்காரருக்குக் கலியாண வீட்டுக்குப் போக அழைப்பிதழ் வேண்டும். அதுவும் வீடு தேடி வந்து கையில் தந்திருக்கவேண்டும். தபாலில் வந்தால் யோசிப்போம். செத்த வீட்டுக்கு அப்படி இல்லை. கேள்விப்பட்டால் போதும், போய்விடுவோம். இறந்தவரோடு பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் போவோம். (அப்படியானவர்கள்தான் முன்னுக்கு நின்று பெரிதாக அழுவார்கள்.) இந்த நல்ல பழக்கத்தை மெல்போர்னுக்கும் கொண்டுவந்த காரணத்தால், நோபல் பார்க் என்ற புறநகரில் ஒரு தெருவே இன்றைக்கும் என்னைக் கண்டால் சிரிக்கிறது.

அந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்து அப்போது ஒன்பது மாதம் ஆகியிருந்தது. நான், மனைவி சாந்தி, மகள் அபி. எனக்கு டண்டினொங்கில் ஒரு பண்டகசாலையில் வேலை. பக்கத்து வீட்டில் கெவினும் அவருடைய மனைவி லின்டாவும். கெவின் ஓய்வுபெற்ற லொறிச் சாரதி. ஆறடி உயரம், சிவந்த முகம், சத்தமான குரல். அவருக்கு அடுத்த வீட்டில் டோனி. கெவினும் டோனியும் ஏழு மாதமாக முகம் பார்ப்பதில்லை என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பது எனக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அபியின் பதினேழாவது பிறந்தநாளுக்கு எங்கள் வீட்டுக்குப் பதினொரு கார்கள் வந்தன. அதில் ஒன்றை என் மச்சான் கெவினின் வாசலை அடைத்து நிறுத்திவிட்டான். கெவின் வந்து கேட்டார். அரை மணித்தியாலத்தில் எடுத்துவிடுவோம் என்றேன். எங்கள் அரை மணித்தியாலம் எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியாது. மூன்றாம் முறை வந்தபோது, என் உறவினர்கள் எல்லோரும் தின்னக் கொடுத்த ரோல்ஸைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருக்க, என்னைப் பிடித்துக் கத்தினார். சபையில் மானம் போனால் விடலாமா? முகம் நிறையச் சிரித்துக்கொண்டு, “கட்டையில போவான்” என்று தமிழில் சொன்னேன்.

“என்ன சொன்னாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இனிய மாலையாக அமையட்டும் என்றேன்.”

நான்காம் நாள், புதன்கிழமை காலை, கெவினின் வாசலில் அம்புலன்ஸ் வந்து நின்றது. திரைச்சீலை இடுக்கால் பார்த்தேன். கெவினைத் தள்ளுகட்டிலில் கிடத்தி ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் வாயால் சொன்ன ஒரு நல்ல விஷயமும் நடந்ததில்லை. சம்பளம் கூடும் என்பேன், கூடாது. மழை வரும் என்பேன், வெயில் கொளுத்தும். அந்த வாய், இப்போது பார்த்தா பலிக்கவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

சனிக்கிழமை காலை சாந்தி குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

“இஞ்சருங்கோ! ஓடி வாங்கோ! பெட்டி இறக்கினம்!”

ஓடிப் போய்ப் பார்த்தேன். இரண்டு பேர் ஒரு வாகனத்திலிருந்து சவப்பெட்டியை இறக்கிக் கெவினின் கார்க் கொட்டகைக்குள் கொண்டுபோனார்கள். கொட்டகையைச் சுற்றிக் கறுப்புச் சீலை கட்டியிருந்தது. புல்தரையில் ஒரு மரச் சிலுவை நட்டிருந்தது.

(இந்த இடத்தில் வாசகர் என்னைத் திட்டுவது கேட்கிறது. ஒக்டோபர் கடைசி, பேய் வேஷம் போடும் ஹலோவீன், இதுகூடவா தெரியாது என்று. தெரியும் ஐயா! படங்களில் பார்த்த ஹலோவீனுக்கு இருட்டு இருந்தது, குளிர் இருந்தது, பூசணிக்காய் இருந்தது. பூமரம் எல்லாம் பூத்து, ஊரே தும்மிக்கொண்டிருக்கும் வெயிலில் பெட்டி இறக்கினால் அதுவும் ஹலோவீன் என்று எனக்கு யார் சொன்னது?)

சாந்திக்கு ஒரு சந்தேகம் வந்தது. “அவையள் கிறிஸ்தவ ஆக்களெல்லோ. இந்த நாட்டில பிரேதத்தை வீட்டிலயே வைக்கினம்?”

“ஏன், யாழ்ப்பாணத்தில கிறிஸ்தவ ஆக்கள் வீட்டில வைக்கிறேல்லையே?”

“அப்ப சிலுவை ஏன் முத்தத்தில நிக்குது? அங்கயே புதைக்கப் போகினமோ?”

“செத்த வீட்டில நொட்டை சொல்லாதையும். போய் உலையை வையும்.”

செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. அயலவர்தான் சமைத்துக் கொடுக்கவேண்டும். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு என்று சாந்தி குறை வைக்காமல் சமைத்தாள். நான் சவரம் செய்யவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. விளக்கம் சொல்லக்கூடிய ஒரே ஆளான அபி, சனிக்கிழமை வேலைக்குப் போயிருந்தாள்.

பின்னேரம் நான்கு மணிக்குக் குழம்புச் சட்டியை நான் தூக்க, சோற்றுப் பானையும் பருப்பும் சாந்தி தூக்க, கெவின் வீட்டு வாசலுக்குப் போனோம். லின்டா கறுப்பு உடுப்பில் நின்றார். முகம் வெளிறிக் கிடந்தது. கண் மை கன்னம் வரைக்கும் கரைந்து வடிந்திருந்தது. பாவம், எவ்வளவு அழுதிருப்பார்!

“ரவி! நீங்கள் வருவீர்கள் என்று நினைக்கவேயில்லை. ஐயோ, எவ்வளவு அழகாக உடுத்திருக்கிறீர்கள்!”

கணவன் பெட்டியில் கிடக்கும்போது என் வேட்டியைப் புகழ்கிறாரே, துக்கம் மனுஷியின் மூளையைக் கலக்கிவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்குப் பின்னாலிருந்து இறைச்சி சுடும் வாசனை வந்தது. பிணம் கிடக்கும் வீட்டில் அடுப்பா என்று சாந்தி என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டி அடக்கினேன்.

கொட்டகைக்குள் கெவின் பெட்டியில் கிடந்தார். மாப்பூசினதுபோல முகம், மூடிய கண், நெஞ்சில் கட்டிய கை. எங்களைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. சட்டியைக் கால்மாட்டில் வைத்துவிட்டு, எங்கள் முறைப்படி பெட்டியை ஒருமுறை சுற்றி வந்து, அவருடைய காலைத் தொட்டேன். அவ்வளவுதான், மூன்று நாளாக அடக்கி வைத்தது எல்லாம் உடைந்துவிட்டது. “ஐயோ கெவின்!” என்று குழறி அழுதேன். நடிப்பில்லை. இந்த நாட்டுக்கு வந்து நான் அப்படி அழுதது அதுதான் முதல் தடவை.

அழுதுகொண்டே, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். “கெவின், அன்றைக்கு நான் இனிய மாலை என்று சொல்லவில்லை. நீ சாகவேண்டும் என்று சொன்னேன். நான் ஒரு மிருகம். நீ நல்ல மனிதன். எங்கள் புல்லையும் சேர்த்து வெட்டினாய்.” அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு இந்தக் கதை இல்லை. பாவத்தைக் கழுவ வந்தவன் முழுக்கக் கழுவிவிட்டுப் போவோம் என்று நினைத்தேன். “இன்னொன்றும் இருக்கிறது கெவின். ஒவ்வொரு திங்களும் உன் குப்பைத் தொட்டிக்குள் கிடந்த இறால் கோது டோனியுடையது இல்லை. எங்களுடைய தொட்டி நிரம்பிவிடும். நான்தான் போட்டேன். ஏழு மாதமாக நான்தான் போட்டேன்!”

பிணத்தின் ஒரு கண் திறந்தது.

“அது நீயா?” என்றது.

“முருகா!” என்று நான் பின்னுக்குப் பாய்ந்ததும், கால் சட்டியில் பட்டதும், வெள்ளை வேட்டியோடு கத்தரிக்காய்க் குழம்புக்குள் இருந்ததும் மட்டும்தான் நினைவிருக்கிறது. எனக்குப் பின்னால் கைதட்டல் இடிபோலக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பின்வளவிலிருந்து தெருவே வந்து நின்றது. சூனியக்காரிகள், எலும்புக்கூடுகள், பேய் வேஷத்தில் குழந்தைகள். தலையில் பிளாஸ்டிக் கோடரி செருகிய டோனி நடுவில் நின்றார். (லின்டா வற்புறுத்தி அழைத்திருந்தாராம்.) ஒரு சின்னப் பேய், “இன்னொருமுறை அழச் சொல்லுங்கள் அம்மா” என்று கேட்டது.

டோனி மட்டும் கைதட்டவில்லை. கோடரியைத் தலையிலிருந்து கழற்றினார். “ஏழு மாதம்,” என்றார். கைதட்டல் நின்றுவிட்டது. நான் சொன்னது நாடகம் இல்லை என்று அப்போதுதான் மற்றவர்களுக்கும் விளங்கியது. குழம்புக்குள் இருந்தபடி நான் இரண்டு கையையும் கூப்பினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்தத் தெருவில் இனி எப்படி இருப்பது, அபி எந்த முகத்தோடு பஸ்ஸுக்குப் போவாள் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

கெவின் பெட்டியிலிருந்து இறங்கினார். முழங்கால் வருத்தத்தோடு இறங்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அடிக்கத்தான் வருகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என்னைக் கடந்து டோனியிடம் போனார்.

“டோனி, நான் ஒரு முட்டாள்.”

“ஓம், அது தெரியும்,” என்றார் டோனி. பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து என்னைத் தூக்கிவிட்டார்கள். புதன்கிழமை கெவினைக் கொண்டுபோனது சிறுநீரகக் கல்லுக்காகவாம். நான் வேலையில் நின்ற நேரம் அன்றைக்கே வீடு வந்து, படுக்கையில் கிடந்திருக்கிறார்.

பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்து முடிந்ததும் பெரியவர்களுக்கான வேஷப் போட்டி நடந்தது. சாந்தியின் சோற்றையும் பருப்பையும் தெரு சொசேஜோடு சாப்பிட்டுக்கொண்டிருக்க, குழம்பு காய்ந்த வேட்டியோடு நான் முதல் பரிசான பிளாஸ்டிக் மண்டையோட்டை வாங்கிக்கொண்டு நின்ற அந்த நிமிடத்தில்தான் அபி வேலை முடிந்து வந்து சேர்ந்தாள்.

“ஓ மை கோட், அப்பா! ஹலோவீன் நோட்டீஸ் பாக்கேல்லையே? ரெண்டு கிழமையா பிரிஜ்ஜில ஒட்டிக் கிடக்குது!”

அந்தப் பிரிஜ்ஜை நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறந்து மூடுகிறவன்.

இது நடந்து ஆறு வருடம். கெவினின் ஹலோவீன் நோட்டீஸில் இப்போது ஒரு நிரந்தர வரி உண்டு: நாலரை மணிக்கு ரவி அழுவார். நானும் வேட்டியோடு போய் அழுகிறேன், டோனி பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்கிறார். எங்கள் ஆட்களின் உண்மையான செத்த வீடுகளுக்குப் போனால், நான் கண்ணைத் துடைக்கும் நேரம் பார்த்துச் சாந்தி காதுக்குள், “முதல்ல கிள்ளிப் பாத்திட்டு அழுங்கோ” என்பாள். அதோடு என் அழுகை போய்விடும். இந்தப் பகிடியைக் கெவினுக்கும் ஆங்கிலத்தில் சொல்லி வைத்திருக்கிறாள்.

போன வருடம் கெவினுக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்கு முதல் நாள் பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து, குசினிக் கதிரையில் இருந்து தேநீர் குடித்தார்.

“ரவி, ஏதும் நடந்தால் நீதான் பேசவேண்டும். லின்டாவிடம் சொல்லிவிட்டேன். வேட்டியோடு வா.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் சாந்தி வாயைத் திறந்தாள், ஆனால் அவளுக்கும் அன்றைக்கு அந்தப் பகிடி வரவில்லை. கெவின்தான் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் பெரிய கையை மேசையில் நீட்டினார்.

“சரி சரி,” என்றார், “கிள்ளிப் பார்.”