பெல்ட் அண்ணாச்சி போடாத கையெழுத்து

தாராவியில் பொய் சொல்லவே தெரியாத வியாபாரி யார் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு பெல்ட் அண்ணாச்சி என்பேன். வாங்க வந்தவரிடம், "மழையில நனைஞ்சா ஊறிப்போயிரும், யோசிச்சு எடுங்க" என்று சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வார். நான் மாஹிமில், ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கும் ஆபீஸில் கிளார்க். அவரால் தலைவலி எனக்குத்தான்.

தச்சர்கள் இடுப்பில் கட்டி உளி, சுத்தியல் செருகிக்கொள்ளும் தோல் பெல்ட்டுகளை அண்ணாச்சி துபாய்க்கு அனுப்புவார். அந்தப் பக்கம் சண்டை மூண்டதும் புதிதாக ஒரு ஃபாரம் வந்தது. 'இந்தச் சரக்கு போருக்குப் பயன்படாது' என்று அனுப்புகிறவர் கையெழுத்திட வேண்டும். பாத்திரக்காரர், அப்பளக்காரர் எல்லோரும் படிக்காமலே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அண்ணாச்சி மூன்று தடவை படித்தார்.

"தம்பி, உளி செருகுத எடத்துல ஒருத்தன் கத்தியைச் செருகினா?"

"வெள்ளிக்கிழமை கப்பல் அண்ணாச்சி. போடுங்க."

"செருகமாட்டான்னு நீ சொல்லுதியா?"

நான் பேனாவை நீட்டினேன். அதை வாங்காமல், துபாயில் சரக்கு எடுப்பவருக்குப் போன் போட்டு, "பெல்ட் கட்டுத கார்பெண்டர் எல்லார் பேரும் வேணும்" என்றார். அந்த ஆள் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

கப்பலை விட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். பட்டறையில் தைக்கிற ஒன்பது பேருக்கும் வேலை இருக்காது. அவர்களில் மூத்தவர் ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

"சாமி மேல பாரத்தப் போட்டுட்டுக் கையெழுத்தப் போடுங்க அண்ணாச்சி."

"சாமி பேரா வே இதுல இருக்கு? எம் பேருல்லா இருக்கு."

கடைசியில், 'தச்சருக்குத்தான் தைத்தேன், அப்புறம் அவர்கள் பாடு' என்று எழுதிக் கொடுத்தார். துறைமுகத்தில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அப்பளம் கப்பல் ஏறியது, பெல்ட் ஏறவில்லை.

அடுத்த வாரமே மாதிரிக்குத் தைத்த தோல் பையைத் தூக்கிக்கொண்டு கிங்ஸ் சர்க்கிளில் கடை கடையாக ஏறி இறங்கினார். பத்தொன்பதாவது கடையில் லேப்டாப் பைக்கு ஆர்டர் கிடைத்தது. ஒன்பது பேரும் இப்போது அதைத்தான் தைக்கிறார்கள், அவரைத் திட்டிக்கொண்டே.

அவரிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. அந்த வெள்ளிக்கிழமை காலை புது ஃபாரம் ஒன்றை எடுத்து, அவர் கையெழுத்தை நானே போடப் பார்த்தேன். அவசரத்துக்கு எத்தனையோ பேருக்குப் போட்ட கைதான். அன்றைக்கு வரவில்லை. மறுநாள் அந்த மனுஷன் முகத்தில் முழிக்க வேண்டுமே! எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.