அமெரிக்க நீதியரசருக்கு ஏழரைச் சனி

அமெரிக்கத் தேர்தலில் ஒரு வாக்கும் இல்லாமல் இவ்வளவு பாடுபட்ட மனிதர் கனடாவில் ஒருவர்தான். வோபர்னில் எங்கள் மாடிக்கட்டடத்தில், எனக்கு நேர்மேலே குடியிருந்தார். பட்டப்பெயர் நீதவான் அண்ணை.

உண்மையில் பேக்கரியில் மாக் குழைத்தவர். அகதியாகக் கனடாவுக்கு வரும் வழியில், எல்லைக்கு அப்பாலுள்ள ஓர் அமெரிக்க ஊரில், பஸ் நிலையத்தில் படுத்த குற்றத்துக்காக அவரை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். இளம் நீதவான் ஒருவர் விடுதலை செய்தார். அன்றிலிருந்து அந்த மனிதரின் அரசியல்தான் அண்ணையின் அரசியல். அந்த நீதவான் பிறகு சட்டசபைக்குப் போனார். ஆளுநர் பதவிக்கு நின்று தோற்றார். கடைசியில் மாநில உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தார். அங்கே அந்த ஆசனத்துக்கும் தேர்தல் உண்டு.

நகரசபைத் தேர்தல் பிரிவில் வாழ்நாளைத் தொலைத்து, வாக்குப்பெட்டி என்றாலே கொட்டாவி வரும் நிலையில் ஓய்வு பெற்றவன் நான். என்னிடம்தான் வந்தார்.

"தம்பி, இந்த முறை மனிசன் தோக்கப் போறார் எண்டு கதைக்கினம். என்ன செய்யலாம்?"

"ஒண்டும் செய்யேலாது அண்ணை. உங்களுக்கு அங்க வாக்கில்லை. வெளிநாட்டார் காசும் குடுக்கேலாது."

"கும்பிடலாமோ?"

அதைத் தடுக்கும் விதி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கோவிலில் அர்ச்சனைக்கு ஐயர் நட்சத்திரம் கேட்டார். தெரியாவிட்டால் சாமி பெயருக்கே செய்யலாம் என்றும் வழிவிட்டார். அண்ணை மறுத்தார்.

"பேந்து எந்த ஜட்ஜ் எண்டு சாமிக்கு எப்பிடித் தெரியும்?"

இணையத்தில் பிறந்த தேதி கிடைத்தது. ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். உத்தரட்டாதி, மீன ராசி. கூடவே ஏழரைச் சனி.

அவ்வளவுதான். சனிக்கிழமை தவறாமல் எள்ளெண்ணெய் எரித்தார், மீன், இறைச்சி என்று மச்சமெல்லாம் விட்டார். அஜக்ஸ் நகரிலிருந்து வந்த அவருடைய மகள் தலையில் கைவைத்தாள்.

"அப்பா, அந்தாள் கிறிஸ்டியன்!"

"சனி சமயம் பாத்தே பிள்ளை பிடிக்கிறவர்?"

எனக்கும் பொறுக்கவில்லை. "அவர் உங்களை விட்டது ஒரு சின்ன வழக்கில. அதுக்கு ஏன் அண்ணை இவ்வளவு?"

"ஊரில ஆமிச் செக்பொயின்ரில என்னை 'ஏய்' எண்டுதான் கூப்பிட்டவங்கள். அந்த மனிசன் என்ர பேரை முழுசா வாசிக்கத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாத்தவர்."

நீதியரசர் தோற்றார். சனிக்கிழமை ஆறுதல் சொல்ல மேலே போனேன். அண்ணை கோட் போட்டு, கோவிலுக்கு வெளிக்கிட்டு நின்றார்.

"தேர்தல் முடிஞ்சுதெல்லோ. இனி என்னத்துக்கு?"

"வெண்டிருந்தால் அவருக்கு ஆயிரம் பேர். தோத்தாளுக்கு ஆர் இருக்கினம்?"

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வழுக்கிவிடுவார் என்று, கார்வரை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு போனேன்.