ஏழாவது பாரா

என் வலைப்பூவில் ஒரு கட்டுரையை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். என் அக்கா புருஷன். எதற்காகப் படித்தார் என்று சொன்னால் நீங்கள் என்னை வாசலில்கூட நிற்க விடமாட்டீர்கள். இருந்தாலும் நானே சொல்லிவிடுகிறேன். என் சொந்தக்காரர்கள் வாயால் கேட்டால் இன்னும் கேவலமாக இருக்கும்.

குத்தாலம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். முப்பதாவது வயதில் திடீரென்று நான் ஓர் எழுத்தாளன் என்று எனக்குத் தெரியவந்தது. (வேறு யாருக்கும் இன்றுவரை தெரியவரவில்லை.) வலைப்பூ தொடங்கினேன். வாய்க்காலைப் பற்றி எழுதினேன், வெயிலைப் பற்றி எழுதினேன், தனிமையைப் பற்றி நான்கு பாகம் எழுதினேன். எத்தனை பேர் வந்து படித்தார்கள் என்று காட்டும் பெட்டி ஓரத்தில் இருந்தது. அது ஒன்பது என்று காட்டியது. அதில் ஏழு, நானே போனிலும் பள்ளிக் கம்ப்யூட்டரிலும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்த வகையில் வந்தது.

முகநூலில் இணைப்பைப் போட்டுப் பார்த்தேன். படிக்கப் பத்து நிமிடம் ஆகும் கட்டுரைக்கு அரை நிமிடத்தில் "அருமை" என்று வந்தது. செத்துப்போன எங்கள் பசுவைப் பற்றி உருகி எழுதியதற்கு ஒருவர் "மென்மேலும் தொடர வாழ்த்துகள்" என்று போட்டார். வீட்டில் இன்னும் ஒரு கன்றுக்குட்டி மிச்சம் இருந்ததால் எனக்குப் பகீரென்றது.

அப்போதுதான் வலைப்பூவைப் பரப்புவது எப்படி என்று பாடம் எடுக்கும் ஒருவரின் வீடியோ கண்ணில் பட்டது. வெறும் இணைப்பைப் போடாதே, அதற்கு மேலே ஒரு வரி எழுது, ஆட்களுக்கு எது தவிப்போ அது அந்த வரியில் இருக்க வேண்டும், மிச்சத்தை உள்ளே வை என்றார். நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன்.

எங்கள் ஊர் ஆட்களின் தவிப்பு என்னவென்று தேடவே வேண்டியதில்லை. குறுவை அறுவடை முடிந்திருந்தது. அறுத்த நெல் வீட்டுக்குள்ளும் சாலையோரத்திலும் குவிந்து கிடந்தது. அரசு கொள்முதல் நிலையம் எப்போது திறக்கும் என்ற ஒரே கேள்விதான் ஊர் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் காலையும் மாலையும். திறக்கிற அன்று முதல் ஆளாக அங்கே நெல்லைக் கொட்டி இடம் பிடித்தவனுக்கு முதலில் எடை போடுவார்கள். பிந்தியவன் வாரக்கணக்கில் வானத்தைப் பார்த்துக்கொண்டு காவல் கிடக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அந்தக் குழுவில் என் இணைப்பைப் போட்டேன். மேலே ஒரு வரி: "நம்ம ஊர் கொள்முதல் நிலையம் வியாழக்கிழமை திறப்பு. விவரம் உள்ளே."

உள்ளே இருந்தது 'காத்திருப்பு' என்ற என் கட்டுரை. முதல் பாராவில் விடியல். இரண்டாவதில் தட்டான்பூச்சி. அப்புறம் நாலு பாரா என் பால்யம். ஏழாவது பாராவில்தான், "வியாழக்கிழமை திறப்பு என்று ஒரு செய்தி வராதா என ஏங்குவதே எங்கள் வாழ்க்கை" என்று எழுதியிருந்தேன். படிப்பவர்கள் அந்த இடத்தில் கண்கலங்கி, தலைப்பு வரியின் சாமர்த்தியத்தை மெச்சுவார்கள் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

இருநூறு பேர் இருந்த குழு அது. பெட்டியில் எண்ணிக்கை பதினொன்று ஆனது. கூடின இரண்டில் ஒன்று நான். மற்றபடி யாருமே உள்ளே போகவில்லை. வரியைப் படித்தார்கள், அதை மட்டும் வெட்டி அடுத்த ஊருக்கு அனுப்பினார்கள். புதன்கிழமை காலையில் எங்கள் பள்ளி ஆசிரியர் குழுவுக்கே அது திரும்பி வந்தது. என் இணைப்பு காணோம். பதிலாக, "உறுதி செய்யப்பட்ட தகவல், அதிகம் பகிரவும்" என்று பச்சை டிக் மூன்று ஒட்டியிருந்தது.

எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அடடே, நிஜமாகவே திறக்கிறார்கள் போலிருக்கிறது, நாம் எழுதின நேரம் என்று சந்தோஷப்பட்டேன். (கணக்கு வாத்தியார். பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.)

கொஞ்ச நேரத்தில் அத்தான் போன் செய்தார். அவர் இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பயிர் செய்கிறவர். நெல்லை மூன்று வெயில் காட்டிக் காயவைத்து, வீட்டுக் கூடத்தில் கொட்டி, நடக்க ஒற்றையடிப் பாதை மட்டும் விட்டிருந்தார். அது விற்றால்தான் அக்கா மகள் வித்யாவை அந்த வருடம் நர்சிங் சேர்க்க முடியும். கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

"மாப்ள, வியாழக்கிழமைங்கிறது உறுதிதானா? மேகம் ஒரு மாதிரியா இருக்கு. உறுதின்னாத்தான் நெல்ல வெளியில எடுப்பேன்."

"உறுதிதான் அத்தான். எங்க ஸ்டாஃப் குரூப்லயே வந்துருக்கு."

மதியமே டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய், பூட்டிக் கிடந்த நிலையத்தின் முன்னால் முதல் ஆளாகக் கொட்டினார். அவருக்குப் பின்னால் இன்னும் பத்துக் குடும்பம். நாலு மணிக்கு மழை பிடித்தது.

நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது நிலையத்துக் காவலாளி, யார் சொன்னது திறக்கிறார்கள் என்று கத்திக்கொண்டிருந்தார். ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். எனக்கு இவர் அனுப்பினார், இவருக்கு அவர் அனுப்பினார் என்று பின்னாலேயே தடம் பிடித்துப் போய், கடைசியில் ஊர்க் குழுவில் போய் நின்றது. அங்கே பேனாவைத் தாடையில் வைத்துச் சிந்தித்துக்கொண்டிருக்கும் என் புகைப்படம். எல்லோரும் போனைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். அதற்குக் கீழேயே நீல எழுத்தில் என் கட்டுரையின் இணைப்பு இருந்தது. அப்போதும் ஒருத்தர் அதைத் தொடவில்லை.

அத்தான் மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை. "தார்பாய அந்தப் பக்கம் இழுத்துப் புடி மாப்ள" என்றார். பிடித்தேன். தண்ணீர் மேலிருந்து வரவில்லை, கீழிருந்து வந்தது. நெல் குவியலின் அடியில் ஊறிக்கொண்டு போவதை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

நாலாம் நாள் நெல்லில் வெள்ளையாக முளை விட்டிருந்தது. நிலையம் அடுத்த வாரம் திறந்தது. ஈரப்பதம் அதிகம் என்று திருப்பிவிட்டார்கள். ஒரு வியாபாரி வந்து, தீவனத்துக்குத்தான் ஆகும் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே அள்ளிப்போனார். வித்யா அந்த வருடம் காலேஜ் சேரவில்லை. கூட்டாளிகள் பஸ் ஏறும் நேரத்தில் வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

அக்கா என்னோடு பேசவில்லை. பொங்கலுக்கு வெட்கத்தை விட்டுப் போனேன். சாப்பிட்டு முடித்ததும் அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அப்படி என்னதான் எழுதியிருந்த, காட்டு" என்று கேட்டார். போனைக் கொடுத்தேன். விடியல், தட்டான்பூச்சி, என் பால்யம் எல்லாவற்றையும் உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்தார். என் எழுத்தை ஒருவர் படிப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். அந்த நிலையிலும், பெட்டியில் பன்னிரண்டு ஆகியிருக்குமே என்று ஒரு நினைப்பு ஓடியது. நான் அப்படிப்பட்ட பிறவி.

கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாத்தான் எழுதியிருக்க மாப்ள. இந்த ஏழாவது பாராவ மட்டும் முதல்ல வச்சிருந்தா, என் நெல்லு கூடத்துலயே இருந்துருக்கும்."

அன்றிரவே வலைப்பூவை அழித்துவிட்டேன். ஆனால் ஏழாவது பாராவை அழிக்க முடியவில்லை. பஸ் வருகிறது என்று நான் சொன்னாலும், குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும், எங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர் ஏழாவது பாராவில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் விடுவதில்லை.

வித்யா ஒரு வருடம் கழித்துச் சேர்ந்து படித்து, இப்போது நாகப்பட்டினத்தில் நர்ஸாக இருக்கிறாள். போன மாதம் அவளுக்கு ஒரு வரன் வந்தது. எனக்குத் தெரிந்த குடும்பம். பையன் தங்கமான பையன், ஒரு குறையும் கிடையாது என்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"ஏழாவது பாராவச் சொல்லுங்க மாமா" என்றாள் வித்யா.

அக்கா சிரித்தாள், அத்தான் சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்காமல், நான் பதில் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.