குளக்கரையில் ஒரு நீல வட்டம்

இந்த வசந்தத்தில் என் பதினோரு வருடப் பாவத்தைக் கம்ப்யூட்டரை வைத்துக் கழுவிவிடுவது என்று தீர்மானித்தேன்.

பெரிய பாவம் இல்லை. கல்யாணமான புதிதில் என் மனைவி ஆர்டித், வடக்கு மூலையில் மாட்டுத் தீவனத்துக்குக் குதிரைமசால் விதைக்க ஆசைப்பட்டாள். இண்டியானாவில் எங்கள் பக்கம் அமிலம் ஏறிப் புளித்த மண். சுண்ணாம்பு போடாவிட்டால் அந்தப் பயிர் தேறாது. "ஒரு வண்டி சுண்ணாம்பு தூவிட்டு வா" என்று அனுப்பினாள். போகிற வழியில் குளம்; கரையில் சங்கிலி போட்டுப் பூட்டிய என் படகு. குளத்தில் மீன் துள்ளியது. சுண்ணாம்பு முழுவதையும் வில்லோ மரத்தடியில் கொட்டிவிட்டுத் தூண்டிலை எடுத்தேன்.

அந்த வருடம் அவள் பயிர் மஞ்சளாகிச் செத்தது. "விதை சொத்தை" என்றேன். அவள் அழுதாள். அப்புறம் அங்கே விதைக்கவே இல்லை. அது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது ஒரு மெஷின் வந்திருக்கிறது. வயல் முழுக்க மண்ணைக் குத்தி, ருசி பார்த்து, வரைபடம் போட்டுத் தரும். புளித்த இடம் சிவப்பு, சுண்ணாம்பு மிகுந்த இடம் நீலம். அதைப் பார்த்துச் சுண்ணாம்பு தூவும் வண்டி சிவப்பில் அதிகமாகவும் மற்ற இடத்தில் குறைவாகவும் போடும். வடக்கு மூலையிலும் சத்தமில்லாமல் சுண்ணாம்பு விழுந்துவிடும். ஏன் எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

"எதுக்கு மெஷின்? எந்த மூலை புளிப்புன்னு நானே சொல்றேனே" என்றாள் ஆர்டித், சாப்பாட்டு மேஜையில்.

"நீ சொன்னா அது அபிப்பிராயம். மெஷின் சொன்னா விஞ்ஞானம். மெஷின் பொய் சொல்லாது, ஆர்டித்."

"அப்ப மெஷின் என்ன சொன்னாலும் ஒத்துக்குவியா?"

"நூறு தடவை ஒத்துக்குவேன்."

"சரி, ஹனி."

அவள் ஹனி என்றால் ஏதோ திட்டம் இருக்கிறது என்று நான் உஷாராக வேண்டும். அன்று ஆகவில்லை. தட்டில் இருந்த மீட்லோஃப் இறைச்சி அவ்வளவு நன்றாக இருந்தது.

மெஷின் ஓட்ட ஜோலின் என்ற பெண்மணி வந்தாள். "குளத்துப் பக்கம் மட்டும் போகாதீங்க. சேறு. வண்டி புதைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு டவுனுக்குப் போனேன். திரும்பினால் சமையலறையில் ஜோலின், ஆர்டித் சுட்ட ருபார்ப் பை என்ற இனிப்புப் பலகாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேஜையில் வரைபடம். வடக்கு மூலை ரத்தச் சிவப்பு. குளக்கரையில், வில்லோ மரத்தடியில், பளிச்சென்று ஒரு நீல வட்டம்.

"குளத்துப் பக்கம் வேண்டாம்னேனே?"

"உங்க வீட்டம்மா முதல்ல அங்கேதான் ஓட்டச் சொன்னாங்க, ஹார்லன். சேறே இல்லையே" என்று ஜோலின் அடுத்த துண்டை வெட்டினாள்.

ஆர்டித் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "வடக்கு மூலைல சுண்ணாம்பு வாசனையே பட்டதில்லையாம். மரத்தடில மட்டும் ஒரு வண்டி இருக்காம். விஞ்ஞானம் சொல்லுது."

"மெஷின்ல ஏதாவது கோளாறு..."

"மெஷின் பொய் சொல்லாது."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். "எப்பத் தெரியும் உனக்கு?"

"அன்னைக்குச் சாயங்காலமே. உன் தொப்பில இருந்து பூட்ஸ் வரைக்கும் வெள்ளை. கையில ஆறு மீன்."

"ஏன் அன்னைக்கே கேட்கல?"

"கேட்டிருந்தா அது என் அபிப்பிராயம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. "உன் விதை நல்ல விதைதான், ஆர்டித்" என்றேன். இதைச் சொல்லப் பதினோரு வருடம் ஆகியிருக்கிறது. அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பிறகு கையை நீட்டினாள். "படகுச் சாவி."

இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் நான் வில்லோ மரத்தடியில் இறுகிப்போன சுண்ணாம்பைக் கொத்தி, தள்ளுவண்டியில் வடக்கு மூலைக்குக் கொண்டுபோகிறேன். அவள் படகில் இருக்கிறாள். நேற்று முழங்கை நீளத்துக்கு ஒரு மீனைத் தூக்கிக் காட்டினாள்.

"எல்லாம் உன் சுண்ணாம்பு தின்னு வளர்ந்தது, ஹனி."