செத்தவர் அசையக் கூடாது

செத்துக் கிடந்த ஃபெர்மின் மூன்றாவது தடவையாக எழுந்து உட்கார்ந்தார்.

"மிலா! காலை ஆட்டாதே, ஆட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

கட்டிலைச் சுற்றி அழுத கோலத்தில் உறைந்து நின்ற ஏழு பெண்களும் பெருமூச்சு விட்டார்கள். ஃபெர்மினின் மூக்கிலிருந்த பஞ்சு பறந்துபோய் மெழுகுவத்தியில் விழுந்து பொசுங்கியது. கால்மாட்டில் மண்டியிட்டிருந்த ஐந்தரை வயது மகள் மிலா, "ஒரு காலைத்தானேப்பா ஆட்டினேன்" என்றாள். சொல்லும்போதே இன்னொரு காலும் ஆடியது.

"இப்படி அசைஞ்சா இந்த வருஷமும் நம்ம தெரு மண்ணைக் கவ்வ வேண்டியதுதான்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் தையல்கார எதில்வியா அக்கா. மாமரத் தெருவுக்கு இந்த வருஷம் அவர்தான் இயக்குநர்.

"கேட்டுக்கிட்டியா மிலா?" என்றது பிணம்.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, எங்கள் ஊரில் ஒவ்வொரு தெருவும் ஓர் உயிருள்ள படமாக மாறி நிற்கும். கட்டில், கோழி, அண்டா, ஆட்கள் எல்லாம் நிஜம். ஆனால் பத்து நிமிஷம் யாரும் கண்ணைக்கூடச் சிமிட்டக் கூடாது. கோழிக்கு மட்டும் விலக்கு உண்டு. வெளியூர் நடுவர்கள் தெருத் தெருவாக வந்து பார்த்து மார்க் போடுவார்கள். ஐந்து வருஷமாக முதல் பரிசு கிணற்றுத் தெருவுக்கே போய்க்கொண்டிருந்தது. அந்தத் தெருக்காரர்கள் மாமரத் தெருவைக் கடக்கும்போது வேண்டுமென்றே உடம்பை நெளித்துக்கொண்டு போவார்கள். பார்த்தாலே பற்றி எரியும்.

இந்த வருஷத்துக் காட்சி, துக்க வீடு. பிணத்துக்கு ஃபெர்மினை விட்டால் ஆளில்லை. ஒட்டிய கன்னமும் நீண்ட மூக்குமாக அவர் முகவாகு அப்படி. மற்ற நாட்களில் வாடகை மோட்டார் பைக் ஓட்டுகிறவர். சவாரி இல்லாத நேரத்தில் வண்டியைத் துடைப்பார், தெருவைக் கூட்டுவார், கேட்காமலே அடுத்தவர் வேலியைக் கட்டிக் கொடுப்பார். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்தி, நடந்துகொண்டேதான் சாப்பிடுவார்.

ஒத்திகை கலைந்ததும் ஒட்டிலியா டீச்சர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். காட்சியில் ஜெபமாலை உருட்டும் கிழவி வேஷம் அவருக்கு.

"ஃபெர்மின், மாசக் கடைசியில பள்ளிக்கூடம் திறக்குது. ஒரு இடத்துல உட்காராத பிள்ளையை ஒண்ணாம் வகுப்புல நான் எப்படிச் சேர்க்கிறது?"

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் ஃபெர்மின். மகள் படிக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

"டீச்சர், நீங்க அப்படிச் சொல்லப்படாது!"

"ஆறாம் தேதி பத்து நிமிஷம் அசையாம இருக்கட்டும். சீட்டு தர்றேன். இல்லன்னா இன்னொரு வருஷம் பாலர் வகுப்புதான். அவளை அடக்குறது உன் பொறுப்பு. நாளெல்லாம் கூடவே இரு."

மூன்று நாள் இருந்தது.

முதல் நாள் தேங்காய் மிட்டாய் வாங்கி வந்தார். ஒரு நிமிஷம் அசையாமல் இருந்தால் ஒரு மிட்டாய். மிலா முதல் நிமிஷத்தை எப்படியோ தாண்டினாள். இரண்டாவதையும் தாண்டினாள். ஆறாவது மிட்டாய் உள்ளே போனதும் வெல்லப்பாகு வேலையைக் காட்டிவிட்டது. மாமரத்தின் உச்சாணிக் கொம்பிலிருந்து, "அப்பா, பிடிங்க பார்க்கலாம்!" என்று குரல் வந்தது. ஃபெர்மின் ஏறினார். அவள் இறங்கினாள். அவர் இறங்கினார். அவள் ஏறினாள். கடைசியில் அவரை இறக்க எதிர்வீட்டு ஏணி தேவைப்பட்டது.

"ஏன்யா, பிள்ளைக்கு இனிப்பைக் குடுத்து அடக்கப் பார்த்த ஒரே ஆள் உலகத்துலயே நீதான்யா" என்றாள் மனைவி யாமிலே.

"நாளைக்கு வேற வழி வெச்சிருக்கேன்" என்றார் ஃபெர்மின், முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு.

இரண்டாம் நாள் குளத்துக்குக் கூட்டிப் போனார். தண்ணீரில் ஊறினால் உடம்பு அசந்துபோகும் என்று கணக்கு. உடம்பு அசந்தது வாஸ்தவம்தான், ஆனால் அது அவர் உடம்பு. காதில் தண்ணீர் போய், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வந்தார். மிலா குதிரை ஏறியது போல அவர் தோளில் உட்கார்ந்து, "இன்னொரு தடவை போலாம்பா!" என்று அவர் முடியைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தாள்.

அன்று மாலை ஒத்திகையில் மிலா பன்னிரண்டு தடவை அசைந்தாள். ஃபெர்மின் எழுந்து திட்டியதும் பன்னிரண்டு தடவை. எதில்வியா அக்கா ஊசிப் பெட்டியைத் தூக்கி எறிந்தார்.

"மாதாவே! பத்து நிமிஷம்! வெறும் பத்து நிமிஷம் படுக்க... இருக்க முடியாதா?"

"நாளைக்கு ஓட விடறேன் அக்கா. காலைலேருந்து ஓட விட்டா சாயங்காலம் துணி மாதிரி துவண்டுருவா."

"ஓடு" என்றார் எதில்வியா அக்கா. "நல்லா ஓடு."

திருநாளன்று சூரியன் எட்டிப் பார்த்ததும் இருவரும் கிளம்பினார்கள். கோயிலைச் சுற்றி நாலு சுற்று. கல்லறைத் தோட்டம் வரை போட்டி. மாட்டுக் கொட்டடி வேலியைத் தாண்டும் போட்டி. ஒவ்வொரு முறை ஃபெர்மின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் மிலா ஒற்றைக் காலில் குதித்தபடி முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"களைப்பா இருக்காப்பா?"

"எனக்கா? சேச்சே! உனக்கு?"

"இல்லையே. அப்போ இன்னொரு சுத்து!"

பத்து மணிக்கு அவருக்கு மூச்சு வாங்கியது. பதினொன்றுக்குக் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்கு வீட்டு வாசலில் தொப்பென்று உட்கார்ந்தார். பதினைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டதை யாமிலே அன்றுதான் பார்த்தாள். துவரைச் சாறும் வேகவைத்த மரவள்ளிக்கிழங்குமாகத் தட்டை நிரப்பினாள். காலியானதும் மறுபடி நிரப்பினாள்.

"போதும்டி."

"சாப்பிடுய்யா. செத்தவன் பசியோட போகக் கூடாது."

நாலு மணிக்கு, மற்ற தெருக்களையெல்லாம் முடித்துவிட்டு நடுவர்கள் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. ஃபெர்மின் கட்டிலில் ஏறிப் படுத்தார். பஞ்சு வைத்தார்கள். வெள்ளைத் துணி குளுகுளுவென்று இருந்தது. கால்மாட்டில் மிலா, காலையில் பூத்த பூ மாதிரி கொஞ்சமும் வாடாமல் மண்டியிட்டிருந்தாள். முழங்கால் துறுதுறுவென்றது.

"கண்ணு, அப்பாவுக்காக. பத்தே நிமிஷம்" என்று கெஞ்சினார் ஃபெர்மின்.

ஒரு கண்ணை லேசாகத் திறந்து வைத்து அவளைக் கண்காணிப்பதுதான் அவர் திட்டம். மணி அடித்தது. தெரு உறைந்தது. தூரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது.

அடுத்து அவர் கேட்டது கைதட்டல்.

துள்ளி எழுந்தார். தெருவே கூத்தாடிக்கொண்டிருந்தது. யாரோ மேளம் அடித்தார்கள். எதில்வியா அக்கா ஓடி வந்து அவர் நெற்றியில் முத்தமிட்டார்.

"ஜெயிச்சுட்டோம்டா! பிணத்துக்கு முப்பதுக்கு முப்பது! பெரிய நடுவர் உன் மூக்குகிட்ட குனிஞ்சு பார்த்துட்டு, நிஜமாவே டாக்டரைக் கூப்பிடலாமான்னு கேட்டாரு!"

"மிலா? மிலா அசைஞ்சாளா?"

அக்காவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "உன் மூக்கு மேல ஈ உட்கார்ந்துச்சு. எழுந்து வந்து அதை ஓட்டிட்டு, உன் போர்வையைச் சரிபண்ணிட்டு, திரும்பப் போய் உட்கார்ந்தா. ரெண்டு மார்க் போச்சு. அதனால என்ன?"

ஃபெர்மினுக்கு உலகமே இருண்டது. மிலா அதற்குள் எதிர்வீட்டு வேலியைத் தாண்டி, கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். அவர் மூக்குப் பஞ்சைக்கூட எடுக்காமல், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒட்டிலியா டீச்சரிடம் ஓடினார்.

"டீச்சர்! ஒரு ஈதான் டீச்சர்! பாசத்துல எழுந்துட்டா. உங்க கால்ல விழறேன், சீட்டை மட்டும் இல்லைன்னு சொல்லிடாதீங்க!"

டீச்சர் ஜெபமாலையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"அவ பேரை நவம்பர் மாசமே எழுதியாச்சு ஃபெர்மின், உன்னைப் பத்து நிமிஷம் படுக்க வைக்கத்தான் மூணு நாளா அவளை உன்மேல ஏவி விட்டோம்."